நாலாம் மாடித் தளம்

தண்ணிக்காரி என்றால் குடம் குடமாகத் தண்ணீர் விற்கிறவள் என்று நினைத்துவிடாதீர்கள். கட்டிட வேலையில் கான்கிரீட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறவள். கான்கிரீட்டைக் கொட்டி மட்டம் தட்டியதும் வேலை தீர்ந்தது என்று வெளியாட்கள் நினைப்பார்கள். அங்கேதான் இவள் வேலை ஆரம்பம். தூணுக்கு ஈரச் சாக்கு சுற்ற வேண்டும். தளத்தின் மேல் கலவையால் விரல் உயரத்துக்கு வரப்புக் கட்டி, பாத்தி பாத்தியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தண்ணீர் நிறுத்த வேண்டும். ஏழு நாள் போதும் என்பார் இன்ஜினியர். இவள் பதினாலு நாள் விடுவாள். “வாயில்லாத பொருளு. தாகமா இருக்குன்னு நம்மகிட்ட வந்து கேக்கவா போகுது?” என்பாள். பதினோரு வருஷமாக இதே வேலை. சொந்தப் பேர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த இடம் பழைய சரக்கு ரயில் பேட்டை. ரயில் நின்றுபோய், கிடங்குகளெல்லாம் துருவேறி, பகலிலேயே தனியாக நடக்கப் பயந்த இடம். அப்போதெல்லாம் அங்கே குடியிருந்தது இவர்கள் தெரு ஒன்றுதான், நாற்பது வீடு. திடீரென்று ஒருநாள் நகரத்துக்கு அந்த இடத்தின் மேல் ஆசை வந்துவிட்டது. வாய்க்காலைத் தூர் வாரினார்கள், மரம் நட்டார்கள், காபிக்கடை வந்தது, பின்னாலேயே கம்பெனியும் வந்தது. முன்னால் விற்பனைக்கு மூன்று பெரிய கட்டிடம், கண்ணாடி பால்கனியோடு. பின்னால் மதிலோரம் ஐந்து மாடியில் ஒரு கட்டிடம், இடத்தை விட்டுக்கொடுத்த நாற்பது குடும்பத்துக்கு. அதற்குப் பின்கட்டு என்று பேர் விழுந்துவிட்டது. ஒன்றரை வருஷத்தில் சாவி தருகிறோம், அதுவரை தகரக் கொட்டகையில் இருங்கள் என்றார்கள். இருந்தார்கள். மூன்று வருஷம் இரண்டு மாதம் ஆகிவிட்டது. தெருவில் பாதிப்பேர் அந்தக் கட்டிட வேலைக்கே போனார்கள். தண்ணிக்காரியின் புருஷன்தான் பின்கட்டுக்கு மேஸ்திரி.

சீட்டுக் குலுக்கியதில் இவர்களுக்கு நாலாம் மாடி விழுந்திருந்தது. எதிர்வீடு நாத்தனாருக்கு. சுவர் எழும்பாத காலத்திலேயே தண்ணிக்காரி அந்த வீட்டில் குடித்தனம் நடத்த ஆரம்பித்துவிட்டாள். இங்கே அடுப்பு, இங்கே கட்டில், இந்த ஜன்னலில் துணி காயப் போட்டால் மேல்வீட்டுக்காரி தண்ணீர் கொட்டுவாள், அவளோடு முதல் சண்டை இன்ன மாதம் என்பதுவரை முடிவு செய்து வைத்திருந்தாள்.

அந்த நாலாம் மாடிக்குக் கூரைத் தளம் போட்ட அன்றைக்குப் பார்த்து, முன்கட்டிடத்துத் தொட்டி ஒழுகுகிறது என்று அவளை அங்கே அனுப்பிவிட்டார்கள். மறுநாள் விடிந்தும் விடியாமலும் கலவைச் சட்டியும் கொத்துக் கரண்டியுமாக மேலே ஏறினாள். தன் தலைக்கு மேல் வரப்போகிற கூரை. அதற்குத் தன் கையால் முதல் தண்ணீர் என்று நெஞ்செல்லாம் நிறைந்து போயிருந்தது. குந்தி உட்கார்ந்து உள்ளங்கையால் தளத்தைத் தடவினாள். கை வெள்ளையாக வந்தது.

மாவு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்த அதை ஊதிப் பார்த்தாள். பறந்தது. கரண்டி நுனியை வைத்து அழுத்தினாள். போட்டு ஒரு நாளான தளத்தில் கீறல் விழும்தான், அது இவளுக்குத் தெரியாததா? ஆனால் இது கீறலோடு நிற்கவில்லை, கால் அங்குலம் இறங்கியது. மாடிப்படிப் பக்கமாக நடந்தாள். உத்தரத்தை ஒட்டி மயிரிழை மயிரிழையாக வெடிப்பு ஓடியிருந்தது. நடுவில் சில இடத்தில் ஜல்லி கீழே போய்ச் சிமெண்ட் பால் மட்டும் மேலே மிதந்து காய்ந்திருந்தது. கலவையில் தண்ணீர் கூடிப் போயிருக்கிறது, கொஞ்சநஞ்சம் இல்லை.

எவன் செய்தான் என்று யாரையும் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. மேஸ்திரி சொல்லாமல் அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் அசையாது.

சாயங்காலம் சோறும் பருப்பும் அவித்த முட்டையுமாகத் தட்டை முன்னால் வைத்துவிட்டு, எதிரிலேயே உட்கார்ந்தாள். கொட்டகையின் பாதியைத் திரை போட்டு மறைத்திருந்தார்கள். திரைக்கு அந்தப்பக்கம் நாத்தனாரின் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

“நேத்து கான்கிரீட் லாரி எத்தனை மணிக்கு வந்துச்சு?”

“வந்துச்சு.”

“வந்துச்சுன்னு தெரியும். எத்தனை மணிக்கு?”

“சோறு திங்கும்போது என்னடி விசாரணை?”

“நான் விசாரிக்கல. தண்ணி எவ்வளவு விட்டீங்கன்னு கேக்கறேன்.”

மேஸ்திரி பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டார். ஆள் ஆறடி, அதட்டினால் ஐந்து மாடிக்கும் கேட்கும். இப்போது முட்டையைத் தட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு உருட்டிக்கொண்டிருந்தார்.

“ஏழு மணிக்கு வர வேண்டிய லாரி. பாலத்துல ஏதோ விபத்தாம், பதினொன்னரைக்கு வருது. முதல் ரெண்டு லாரி பரவாயில்ல. மூணாவதும் நாலாவதும் இறுகிப் போச்சு. பம்பு அடைச்சு விக்குது. மேல பார்த்தா மேகம் கருகருன்னு கூடிட்டு வருது.”

“திருப்பி அனுப்ப வேண்டியதுதானே?”

“அனுப்பினா அடுத்த தேதி எட்டு நாள் கழிச்சுத்தான்னான் லாரிக்காரன். பாதித் தளத்துல நிறுத்தவும் முடியாது. நம்ம ஆளுங்க அத்தனை பேரும் கத்துறாங்க. ‘விடுங்க மேஸ்திரி, நம்ம வீடுதானே, நம்ம வீடுதானே’ன்னு. எனக்கும் அவசரம்தான். டிரைவர்கிட்ட லாரித் தொட்டித் தண்ணியைத் திறக்கச் சொன்னேன். திறந்தவன் மூடுற வரைக்கும் நானும் பார்க்கல.”

“இன்ஜினியர் என்ன பண்ணிட்டிருந்தார்?”

“முதல் லாரியில பலம் பார்க்கிற சோதனைக் கட்டிக்கு மாதிரி எடுத்துட்டு முன்கட்டிடத்துக்கு மீட்டிங்னு போயிட்டார்.”

தண்ணிக்காரி உருண்ட முட்டையைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு கேட்டாள்.

“இதே முன்கட்டிடமா இருந்தா விட்டிருப்பீங்களா?”

பதில் இரண்டு பேருக்கும் தெரியும். இருபத்திரண்டு வருஷத்தில் ஊரான் வீட்டுக்கு அவர் அப்படி ஒரு காரியம் செய்ததே கிடையாது. ஒருமுறை வாயில் வரை வந்த மூன்று லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டு, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தவர். அடுத்தவன் வீடு என்றால் நிதானம் தானாக வருகிறது. சொந்த வீடு என்றதும் அறிவு எங்கேயோ போய்விட்டது, பாவம்.

“அந்த மேகமாவது பெஞ்சுச்சா?” என்றாள்.

“ஒரு சொட்டு இல்ல.”

தையல் மெஷின் நின்றது. திரையை விலக்கிக்கொண்டு நாத்தனார் வந்தாள். கழுத்தில் அளவு நாடா, உதட்டில் இரண்டு குண்டூசி. மேஸ்திரிக்கு அக்கா, புருஷனை வேண்டாம் என்று உதறிவிட்டுத் தன் கையால் பிழைக்கிறவள். தெருச் சங்கத்துக்குத் தலைவியும் அவள்தான். ஊசியை எடுத்துத் தோளில் குத்திக்கொண்டு பேசினாள்.

“இந்தா பாரு. இந்தப் பேச்சு இந்தத் தகரத்தைத் தாண்டக் கூடாது.”

“அண்ணி, தளம் பொடியா உதிருது.”

“உதிரட்டும். மேல பூசினா சரியாப் போகுது. எந்த வீட்டுத் தளம்தான் சுத்தம்? நீ வாயைத் திறந்தா முதல்ல போறது உன் புருஷன் வேலை. அடுத்தது வேலையை நிறுத்துவான். விசாரணை அது இதுன்னு ஆறு மாசம் இழுப்பான். மூணு வருஷமா இந்தத் தகரத்துல மழை ஒழுகி எத்தனை பேர் துணிக்கு நான் பதில் சொல்லியிருக்கேன் தெரியுமா? போன மாசம்கூட ஒருத்தியோட புதுத்துணியில துருக்கறை. மூஞ்சியில வீசிட்டுப் போறா. இன்னொரு மழைக்காலம் என்னால முடியாதும்மா.”

“என்னாலயும் முடியாதுதான் அண்ணி. நான் மட்டும் இங்க மாளிகையிலயா இருக்கேன்?”

“அப்பப் பேசாம இரு. நீதான் தண்ணி விட்டா எல்லாம் சரியாப் போகும்பியே. விடு. நல்லா விடு.”

தண்ணிக்காரிக்கும் உள்ளுக்குள் ஒரு நப்பாசை. உண்மையைச் சொல்வதானால், அவள் ஒன்றும் நியாயதேவதை இல்லை. அவளுக்கும் அந்த வீடு சீக்கிரம் வேண்டும். அதனால் வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்த்தாள். அந்தப் பதினாலு நாளும் அவள் தண்ணீர் விட்ட மாதிரி எந்தத் தளத்துக்கும் எவளும் விட்டிருக்க மாட்டாள். காலையில் நாலு முறை, மத்தியானம் வெயிலில் மூன்று முறை. பாத்தியில் தண்ணீர் அரை விரல் குறைந்தால் போதும், குழாயை இழுத்துக்கொண்டு ஓடுவாள். உத்தரத்து வெடிப்பின் மேல் சாக்கை இரட்டையாக மடித்துப் போட்டாள். “குடிச்சுத் தொலை. தேறித் தொலை” என்று தளத்தோடு பேசிக்கொண்டே போனாள். கீழே கம்பி கட்டுகிறவர்கள் அதைக் கேட்டுச் சிரித்தார்கள்.

பதினைந்தாம் நாள் ஒரு பாத்தியை உடைத்துத் தண்ணீரை வடித்தாள். இரும்புக் கரண்டியை வைத்துச் சுரண்டினாள். அதே பொடி. கரண்டிக் காம்பால் தட்டினால் டங்கென்று கேட்க வேண்டிய சத்தம் பொத்தென்று கேட்டது. அங்கேயே உட்கார்ந்து அழுதாள். மூக்கைச் சிந்திவிட்டு எழுந்து கீழே போனாள்.

இன்ஜினியர் வயசுப் பையன், நல்லவன்தான். வெயிலுக்குப் பயந்து முகத்தில் அப்பிக்கொண்டு வருகிற வெள்ளைக் களிம்பால் அவனுக்குப் பவுடர் என்று பேர். ஆபீஸ் என்று சொல்லப்படுகிற இரும்புப் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தான்.

“சார், நாலாம் மாடித் தளத்தை யாரையாவது வச்சுச் சோதிச்சுப் பாருங்க. சரியில்ல.”

“சோதிச்சாச்சே அக்கா. கட்டியை உடைச்சுப் பார்த்தோம். பாஸ். திங்கக்கிழமை முட்டு எடுக்கிறோம்.”

“நீங்க கட்டி எடுத்தது முதல் லாரியில. பின்னாடி வந்த லாரிக்கு மேல தண்ணி விட்டிருக்கு.”

பவுடர் பேனாவை மூடினான். “யார் விட்டாங்க?”

“பதினோரு வருஷமாத் தண்ணி விடுறவ நான். தண்ணி எங்க போச்சுன்னு எனக்குத் தெரியாதா?”

“அது இல்லக்கா. பேரு வேணும். பேரு இல்லாம நான் மேல எழுதினா, ‘கட்டி பாஸ் ஆயிருக்கு, எவளோ சொன்னான்னு வேலையை நிறுத்துறியா’ன்னு என்னைத்தான் கிழிப்பாங்க.”

பேரைச் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. எப்படி எழும்? ராத்திரி அந்த ஆள் தட்டில் கை வைக்காமல் எழுந்து போவதை இரண்டு வாரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். “பேரு தர மாட்டேன். முட்டு எடுக்கவும் விட மாட்டேன்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். பவுடர் அதை வெறும் பேச்சு என்று எடுத்துக்கொண்டான். அங்கேதான் அவன் தப்புக் கணக்குப் போட்டான்.

முட்டு என்றால் தளத்தைத் தாங்கி நிற்கிற இரும்புக் கால்கள். காடு மாதிரி நெருக்கமாக நிற்கும். அதை எடுத்த பிறகுதான் தளம் தன் பாரத்தைத் தானே சுமக்க வேண்டும். திங்கட்கிழமை காலை ஏழரைக்கு முட்டு எடுக்கிற நாலு பேர் சுத்தியலோடு நாலாம் மாடிக்குப் போனார்கள். உள்ளே மண்ணெண்ணெய் அடுப்பு சீறுகிற சத்தம் கேட்டது. கவிழ்த்த வாளியின் மேல் தண்ணிக்காரி உட்கார்ந்து தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள்.

“என்னக்கா, இங்க?”

“ஏன், இது என் வீட்டு அடுப்படி. என் அடுப்படியில நான் உக்காரக் கூடாதா? டீ குடிக்கிறீங்களா?”

அவர்கள் சிரித்தார்கள். ஒருவன் டம்ளரை நீட்டினான். குடித்து முடித்ததும், “சரிக்கா, எந்திரிங்க, முட்டு எடுக்கணும்” என்றான்.

“எடு. நான் இங்கதான் இருப்பேன்.”

“விளையாடாதீங்க. பலகை தலையில விழும்.”

“பலகை மட்டுமா விழும்னு எனக்குப் பயமா இருக்கு. அதான் முதல்ல நான் உக்காந்து பார்க்கறேன்.”

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஒருவன் கீழே ஓடினான். பவுடர் மூச்சிரைக்க வந்தான், கெஞ்சினான், அதட்டினான், மறுபடி கெஞ்சினான். அவள் அவனுக்கும் ஒரு டம்ளர் தேநீர் கொடுத்தாள். அதற்குள் கொட்டகைப் பக்கம் செய்தி போய், தெருவே கீழே கூடிவிட்டது. “வீடு வர்ற நேரத்துல எவ இவ?” “இவளுக்கு மட்டும் வேண்டாம்னா இவ போகட்டும்.” ஜன்னல் இல்லாத ஓட்டை வழியாக எல்லாம் அவள் காதில் விழுந்துகொண்டிருந்தது. நேற்றுவரை ஒன்றாகச் சாப்பிட்டவர்கள். வலிக்கத்தான் செய்தது. எழுந்து ஓட்டைப் பக்கம் போய், “எனக்கு வேண்டாம்னு எவ சொன்னா? உங்க எல்லாரையும்விட எனக்குத்தான் வேணும், போங்கடி!” என்று கத்திவிட்டு வந்து மறுபடி வாளியில் உட்கார்ந்தாள்.

கைப்பிடி இல்லாத படியில் சுவரைப் பிடித்துப் பிடித்து நாத்தனார் ஏறி வந்தாள். வெட்டிக்கொண்டிருந்த துணியை அப்படியே விட்டு வந்திருக்கிறாள், கத்தரிக்கோல் கையிலேயே இருந்தது.

“எந்திரிடி. தம்பி மானத்தை வாங்கத்தான் இந்தக் கூத்தா?”

“நான் யார் பேரையும் சொல்லல அண்ணி.”

“இன்னும் வேற சொல்லணுமா? ஊரே சிரிக்குது.”

“சரி, எந்திரிக்கிறேன். அதுக்கு முன்னாடி என்கூட மேல வாங்க. ஒரே ஒரு நிமிஷம்.”

“வந்தா எந்திரிப்பியா?”

“நீங்களே எந்திரின்னு சொன்னா எந்திரிக்கிறேன்.”

தளத்தின் மேல் வெயில் ஏறியிருந்தது. வடித்த பாத்தியில் நாத்தனாரை நிறுத்தினாள். “உங்க கத்தரிக்கோலால கீறுங்க.” நாத்தனார் வேண்டாவெறுப்பாகக் குனிந்து நுனியை வைத்து இழுத்தாள். கோடு விழுந்தது, பொடி எழுந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். ஒரு ஜல்லி பல் விழுகிற மாதிரி கழன்று வந்தது. அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

“இது சரியா உங்க கட்டிலுக்கு மேல அண்ணி. எதிர்வீடு, இந்த மூலைதான். மட்டமான துணியைக் கொண்டு வந்து தைக்கக் கொடுத்தா என்ன பண்ணுவீங்க?”

இந்தத் துணியைத் தைத்தால் நூல் பிரியும், பிரிந்தால் என் பேர்தான் கெடும் என்று வாடிக்கைக்காரர் முகத்துக்கு நேராகச் சொல்லித் திருப்பிக் கொடுக்கிறவள் நாத்தனார். பொடியை முந்தானையில் துடைத்துக்கொண்டு கீழே இறங்கினாள். எந்திரி என்று சொல்லவில்லை.

பின்னாலேயே தண்ணிக்காரியும் இறங்கி வந்தபோது, நாலாம் மாடி அடுப்படியில் மேஸ்திரி வந்து நின்றிருந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. பெண்டாட்டியைப் பார்த்து, “நடடி வீட்டுக்கு” என்றார்.

“இதுதான் வீடு” என்று அவள் திரும்பவும் வாளியில் உட்கார்ந்தாள்.

பவுடருக்குப் பொறுமை போய்விட்டது. கையில் இருந்த தாளை மேஸ்திரியிடம் நீட்டினான். “அண்ணே, இதை நீங்களே முடிங்க. இருபத்திரண்டு வருஷ மேஸ்திரி. தளம் நல்லாருக்கு, முட்டு எடுக்கலாம்னு ஒரு கையெழுத்துப் போடுங்க. அக்கா எந்திரிச்சுத்தான் ஆகணும்.”

“அவரைக் கேக்காதீங்க சார்” என்று தண்ணிக்காரி பதறினாள். “நான்தானே உக்காந்திருக்கேன்? என்னைக் கேளுங்க. அவரை விடுங்க.”

மேஸ்திரி பேனாவை வாங்கினார். தாளைச் சுவரில் வைத்தார். அண்ணாந்து பலகைகளைப் பார்த்தார். பிறகு பெண்டாட்டியைப் பார்த்தார். அவர் கையெழுத்துப் போட்டாலும் அவள் அந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கப் போவதில்லை என்பது அவள் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

“சார்,” என்றார், “முன்கட்டிடமா இருந்திருந்தா அந்த லாரியைத் திருப்பி அனுப்பியிருப்பேன்.”

“எந்த லாரி?”

“மூணாவது, நாலாவது. தண்ணியைத் திறக்கச் சொன்னது நான்தான். ஆளுங்க மேல தப்பில்ல. எழுதிக்கங்க.” பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். “மேஸ்திரின்னு எழுதுங்க, போதும்.”

தண்ணிக்காரி அடுப்பை அணைத்தாள்.

அன்று மத்தியானமே மேஸ்திரியை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். இனி வாசலுக்குள் கால் வைக்கக் கூடாது என்றார்கள். சோதனை போடுகிறவர்கள் வந்து தளத்தைத் துளைத்து உருளை உருளையாக வெட்டி எடுத்துப் போனார்கள். இருக்க வேண்டிய பலத்தில் பாதிதான் இருக்கிறது என்று முடிவு வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை கம்பெனி மேனேஜர் கொட்டகைக்கு வந்தார். தேன் ஒழுகப் பேசுகிற மனுஷர்.

“நடந்தது நடந்துபோச்சு. உங்க ஆளுங்களே செஞ்ச தப்பு. இருந்தாலும் கம்பெனி உங்களைக் கைவிடாது. ரெண்டு வழி இருக்கு. தளத்துக்குக் கீழ நாலு இரும்பு உத்தரம் கொடுத்து இப்படியே மேல ஏறிடலாம், இப்பச் சொல்லியிருக்கிற தேதிக்குச் சாவி. இந்தத் தளத்தை நாங்களா விரும்பி ஏத்துக்கறோம்னு நாற்பது வீடும் ஒரு கையெழுத்து மட்டும் போட்டா போதும். இல்லேன்னா உடைச்சு மறுபடி போடணும். அஞ்சு மாசம் தள்ளிப் போகும். உங்க விருப்பம்.”

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அஞ்சு மாசமா! நடுவில் மழைக்காலம். மேஸ்திரி கடைசியில், கொட்டகைச் சுவரில் சாய்ந்து தலையைக் குனிந்தபடி நின்றார். தண்ணிக்காரி அவர் பக்கத்தில் நிமிர்ந்து நின்றாள். ஒரு வாரமாக அவளோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை; அதற்காக அவள் யாருக்கும் வழிவிட்டு ஒதுங்கவும் இல்லை.

மேனேஜர் தாளை நாத்தனாரிடம் கொடுத்தார். சங்கத் தலைவி முதல் கையெழுத்துப் போட்டால் மற்றவர்கள் பின்னாலேயே போடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். நாத்தனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தாள்.

“நாளைக்கு விரிசல் விட்டா நாங்க வந்து கேக்க முடியுமா?”

“விரிசல் விடாதும்மா.”

“விட்டா?”

“அதான் நீங்களே விரும்பி ஏத்துக்கறீங்களே.”

“ஓஹோ.” கண்ணாடியைக் கழற்றினாள். “முன்கட்டிடத்துல இப்படி ஒரு தளம் விழுந்திருந்தா, அங்க வாங்கறவங்ககிட்டயும் இதே தாளைத்தான் நீட்டுவீங்களா?”

மேனேஜர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

“தப்பு செஞ்சது என் தம்பி. அவன் வாயால ஒத்துக்கிட்டான், வேலையும் போச்சு. லாரி வந்த நேரத்துல பக்கத்துல நிக்க வேண்டிய உங்க ஆளு மீட்டிங் போனாரே, அதை ஒத்துக்கிட்டு எவராவது வீட்டுக்குப் போனாங்களா? அவசரப்பட்டுத்தான் நாங்க கெட்டோம். மறுபடி அதே அவசரத்தைக் காட்டி எங்களை வாங்கப் பார்க்கறீங்க. மூணு வருஷம் இருந்துட்டோம். இன்னும் அஞ்சு மாசம் இருந்தா நாங்க ஒண்ணும் கரைஞ்சு போயிட மாட்டோம். உடைங்க.”

தாளை இரண்டாக மடித்து, நாலாக மடித்து, அவர் கையில் திணித்தாள். ஐந்தாம் மாடிக்காரர் ஒருவர் “என்னம்மா நீங்களா முடிவு…” என்று ஆரம்பித்தார். “இந்தத் தளத்து மேல கட்டில் போட்டுத் தூங்கப் போறது நீங்க. நாலாம் மாடியில இருக்கிற எங்க தலையில வந்து விழப் போறதும் நீங்கதான். போடுறீங்களா கையெழுத்து?” என்று நாத்தனார் கேட்டதும் உட்கார்ந்துவிட்டார். எல்லாருக்கும் சம்மதம் என்று சொல்ல மாட்டேன். ஏழெட்டு வீடு மனம் கசந்துதான் எழுந்து போனது. ஆனால் கையெழுத்து ஒன்றும் விழவில்லை.

கூட்டம் கலைந்ததும் நாத்தனார் தண்ணிக்காரியிடம் வந்தாள். “ஒழுகற இடத்துக்கு என் மெஷினுக்கு மேல ஒரு தார்ப்பாய் கட்டிக் கொடுக்கச் சொல்லு உன் புருஷனை. வேலை இல்லாமத்தானே நிக்கறான்” என்றாள். அவ்வளவுதான் சமாதானம்.

உடைக்கிற நாள் வந்தது. கீழே வலை கட்டி, ஓரத்திலிருந்து கம்பியை அறுத்து, ஆறு பேர் வரிசையாக நின்று சம்மட்டி போட ஆரம்பித்தார்கள். தூசி அடங்கத் தண்ணீர் அடிக்க ஆள் வேண்டுமே. தண்ணிக்காரி குழாயோடு நின்றாள். தான் பதினாலு நாள் பார்த்துப் பார்த்து வளர்த்ததை இப்போது உடைக்கத் தண்ணீர் விடுகிறாள். குழாயை இன்னும் அகலமாகத் திறந்தாள். பத்து மணி வாக்கில் படியில் கனத்த காலடி கேட்டது. மேஸ்திரி, சொந்தச் சம்மட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். காவலாளி பின்னாலேயே ஓடி வந்தான்.

“அண்ணே, உங்களை உள்ளே விடக் கூடாதுன்னு உத்தரவு.”

“என்னை வேலையை விட்டுத்தானே நிறுத்தினாங்க? நான் வேலைக்கு வரல. என் வீட்டுக்கு வந்திருக்கேன்.” சட்டையைக் கழற்றிக் கம்பியில் மாட்டினார். “இது நான் போட்டது. நான்தான் உடைக்கணும்.”

காவலாளி தலையைச் சொறிந்தான். அவனும் அந்தத் தெருக்காரன்தான். கீழே போய்விட்டான்.

மேஸ்திரி முதல் அடி போட்டதும் மற்ற ஆறு பேரும் தள்ளி நின்றுகொண்டார்கள். வெறி பிடித்தவர் மாதிரி அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் ஒரு கூடைப் பொடி கீழே போயிற்று. வேர்வை முதுகில் வழிந்து, அதில் தூசி ஒட்டி, ஆளே வெளுத்துப் போனார். தண்ணிக்காரி அவர் அடிக்கிற இடத்துக்கு முன்னால் முன்னால் நனைத்துக்கொண்டே போனாள்.

அந்த நேரம் பார்த்துக் கீழே இரண்டு கார் வந்து நின்றது. மேனேஜரும், முன்கட்டிடத்தில் வீடு வாங்கப் போகிறவர்கள் ஏழெட்டுப் பேரும், பெரிய காமிரா தூக்கிய ஒருவரும் இறங்கினார்கள். வேலை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று படம் எடுத்து வெளியிடுவார்களாம். மூன்று கட்டிடத்தையும் சேர்த்துப் பிடிக்கக் காமிராக்காரர் எந்தப் பக்கம் நகர்ந்தாலும், பின்னால் பின்கட்டிலிருந்து கிளம்புகிற புழுதி வானத்தில் நின்றது. மேனேஜர் கையைக் குவித்து மேலே பார்த்துக் கூவினார்.

“ஏம்ப்பா! ஒரு பத்து நிமிஷம் நிறுத்துங்க! படத்துல விழுது!”

தூக்கிய சம்மட்டியோடு மேஸ்திரி நின்றார். இருபத்திரண்டு வருஷம் மேனேஜர்கள் குரலுக்கு நின்று பழகிய உடம்பு. மற்றவர்களும் நின்றார்கள். திடீரென்று விழுந்த அமைதியில் குழாய்த் தண்ணீர் சிந்துகிற சத்தம் மட்டும் கேட்டது.

தண்ணிக்காரி ஓரத்துக்கு வந்து எட்டிப் பார்த்தாள். அத்தனை முகமும் மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

“விழட்டும் சார்! இதுவும் வேலைதான்! சேர்த்து எடுத்துக்கங்க!”

திரும்பிப் புருஷனைப் பார்த்தாள்.

“ஏங்க, ஏன் நிக்கறீங்க? அடிங்க.”

அவர் அடித்தார்.